மாஹேப் பெண்மணியின் வண்டியும் எங்கள் வீட்டு ஜீப்பும்



வில்லியனூர் சுல்தான்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். நான் எழுத்தாளன் அல்லன். பதினான்கு ஆண்டுகள் சவூதி அரேபியாவில் தண்ணீர் டாங்கர் ஓட்டியவன்; ஊர் திரும்பியபின் பாகூர்ப் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்து வருபவன். எங்கள் வீட்டில் இரண்டாண்டுகளுக்கு மேலாக நடந்து வந்த ஒரு வழக்கைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அந்த வழக்கில் நான் வென்றேனா தோற்றேனா என்பதைப் படித்துவிட்டுத் தாங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வழக்கைத் தொடங்கி வைத்தது ஒரு செய்தி. 2022ஆம் ஆண்டு நவம்பர் இறுதி. கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் மஃரிபுக்குப் பின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். என் மூத்த மகள் தன் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினாள். தலையை மூடிய ஒரு பெண்மணி, கறுப்பு நிற மகிந்திரா தார் வண்டியின் அருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பின்னணியில் துபாய்.

பெயர் நஜீரா நௌஷாத். நாஜி நௌஷி என்று அழைக்கின்றனர். ஐந்து குழந்தைகளின் தாய். மெஸ்ஸி ஆடுவதை நேரில் காண வேண்டும் என்பதற்காகக் கேரளக் கரையில் இருந்து தனியொருவராக வண்டி ஓட்டிக்கொண்டு கத்தாருக்குப் புறப்பட்டிருக்கிறார். அக்டோபர் 15ஆம் நாள் தொடங்கிய பயணம். கண்ணூரில் அன்றைய கேரளப் போக்குவரத்து அமைச்சர் ஆண்டனி ராஜு கொடியசைத்து வழியனுப்பினார். மும்பையில் வண்டியைக் கப்பலில் ஏற்றி, ஓமானில் இறக்கி, அங்கிருந்து ஹத்தா எல்லை வழியாக அமீரகத்துக்குள் நுழைந்திருந்தார். வண்டியின் கூரைமேல் ஒரு கூடாரம். உள்ளே சின்னஞ்சிறு அடுப்படி. அரிசி, மாவு, மசாலா, தண்ணீர் எல்லாம் உடன் கொண்டுபோய்த் தாமே சமைத்து உண்கிறார். செலவும் மிச்சம், வயிற்றுக்கும் கேடில்லை என்கிறார். வண்டிக்கு ‘ஓளு’ என்று பெயர் சூட்டியிருக்கிறார். வடமலபார்ப் பேச்சில் அதற்கு ‘அவள்’ என்று பொருள்.

“அத்தா, இவர் மாஹேக்காரர். நம்முடைய மாஹே” என்றாள் மகள்.

மாஹே என்று செய்தித்தாள்கள் எழுதியிருந்தது உண்மைதான். தாங்கள் பிற மாவட்டங்களில் இருந்து இதைப் படிப்பவராயின் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதுச்சேரி ஆட்சிப்பகுதி ஒரே துண்டு நிலம் அன்று. வங்கக் கடலோரம் புதுச்சேரியும் காரைக்காலும் ஏனாமும். அரபிக் கடலோரம், கேரளத்துக்கு நடுவே, சுமார் ஒன்பது சதுர கிலோமீட்டர் பரப்பில் மாஹே. எங்கள் சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுக்கும் 30 உறுப்பினர்களில் ஒருவர் அங்கிருந்து வருகிறார். ஆயினும் வில்லியனூரில் பிறந்து மூப்படைந்து மையித்தாகும் வரை மாஹேயைக் கண்ணால் காணாதவர்களே இங்கு மிகுதி. நானும் அவர்களுள் ஒருவன். சவூதியைப் பார்த்தவன் மாஹேயைப் பார்க்கவில்லை.

செய்தியைப் படித்து முடித்ததும் நான் சொன்ன முதற்சொல் மாஷா அல்லாஹ் அன்று. “ஐந்து பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போனார்?” என்று கேட்டேன்.

மகள் பதில் சொல்லாமல் கைப்பேசியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் இருந்து என் துணைவியார் குரல் கொடுத்தார்: “நீங்கள் போனபோது உங்களிடம் யாராவது இதைக் கேட்டார்களா?”

வாசகர்களே, இதற்கு விடை தேடித்தான் எனக்கு இரண்டாண்டுகளுக்கு மேல் ஆயின.

முதலில், தொழில் தெரிந்தவன் என்ற முறையில் அந்தப் பயணத்தைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதியுங்கள். ஒரு வண்டியை நாடுவிட்டு நாடு ஓட்டிச் செல்வது பெட்ரோல் போட்டுக்கொண்டு புறப்படும் செயலன்று. மனிதனுக்குக் கடவுச்சீட்டு இருப்பதுபோல் வண்டிக்கும் ஒரு கடவுச்சீட்டு வேண்டும். கார்னே என்று பெயர். இந்தியாவில் மும்பையில் உள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் அதை வழங்குகிறது. அது ஏடு ஏடாக உள்ள ஒரு புத்தகம். ஒவ்வொரு எல்லையிலும் வண்டி உள்ளே வரும்போது ஒரு துண்டைக் கிழித்து முத்திரை குத்துவார்கள். வெளியேறும்போது இன்னொரு துண்டு. வண்டியை அந்நாட்டிலேயே விற்றுவிட்டு வெறுங்கையோடு வந்துவிட மாட்டோம் என்பதற்கான உறுதி அது. அதற்காக வங்கியில் பெருந்தொகையைப் பிணையாக வைக்க வேண்டும். ஓராண்டுதான் செல்லும். ஓர் எல்லையில் வெளியேறும் முத்திரை குத்த மறந்தால் பிணைப்பணம் சிக்கிக்கொள்ளும். இதற்கு மேல் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, அதுவும் ஓராண்டுக்குரியது. ஒவ்வொரு நாட்டுக்கும் விசா, ஒவ்வொரு நாட்டிலும் காப்பீடு.

ஏன் கப்பலில் ஏற்றினார் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியே இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் பழைய வண்டிகளில் இந்தியா வந்து சேர்ந்தனர். 1979ஆம் ஆண்டில் ஈரானில் புரட்சி வெடித்தது. அவ்வாண்டு இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்தது. அத்தோடு அந்த வழி ஏறக்குறைய மூடிக்கொண்டது. இந்திய எண் பலகை மாட்டிய வண்டிக்கு மேற்கே தரைவழி எளிதன்று. ஆகவே கடல்.

இன்னொரு தொல்லை, நம் வண்டியில் வளையம் வலப்பக்கம் இருப்பது. அரபு நாடுகளில் சாலையின் வலப்பக்கமாக ஓட்ட வேண்டும். முன்னே ஒரு லாரி போனால், அதைத் தாண்டலாமா என்று பார்க்க நம் கண் சாலையின் ஓரத்தில் இருக்குமே தவிர நடுவில் இராது. பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருந்தால் “வா, வா” என்று சொல்வார். தனியே போகிறவருக்கு அந்தக் கண் இல்லை. பொறுமை ஒன்றே துணை.

தார் போன்ற வண்டியை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்களுக்குத்தான் இன்ஜினின் வலு போகும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் வலு முழுவதும் அந்த வழுக்கும் சக்கரத்துக்கே போய் வீணாகும். நிலத்தைப் பற்றியிருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். ஓடும் மாட்டுக்கே மேலும் தீனி போடுவது போன்ற கதை. நான்கு சக்கர இயக்கத்தில் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். இரண்டாவதாக ஒரு சிறிய கியர் கம்பி உண்டு. அதைத் தாழ்நிலையில் போட்டால் வண்டி நத்தைபோல் ஊரும், ஆனால் யானைபோல் இழுக்கும். 2020ஆம் ஆண்டு வெளிவந்த புதிய தாரில் வயிற்றுப் பகுதி தரையில் இருந்து 226 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 650 மில்லிமீட்டர் ஆழமுள்ள நீரையும் கடக்கும் என்கின்றனர்.

இந்த இடத்தில் ஒரு கிளைச் செய்தி. மகிந்திரா நிறுவனம் 1945இல் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் ‘மகிந்திரா அண்டு முகம்மது’. மகிந்திரா சகோதரர் இருவருடன் பங்குதாரராக இருந்தவர் மலிக் குலாம் முகம்மது. நாடு பிரிந்ததும் அவர் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட்டார். பிற்காலத்தில் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். 1948இல் நிறுவனத்தின் பெயர் மகிந்திரா அண்டு மகிந்திரா என மாறியது. எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் பழைய மகிந்திரா ஜீப்பின் பேனட்டைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதை நான் முப்பது ஆண்டுகளாக வீட்டில் எவரிடமும் சொன்னதில்லை.

1989இல் சவூதி போனேன். ஹுஃபூஃபில் இருந்து கத்தார் எல்லையில் உள்ள சல்வா வரை செல்லும் சாலையோரம் வேலை நடக்கும் முகாம்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவது என் தொழில். 1994இல் ஒருநாள் டாங்கர் பழுது. முகாம் ஒன்றுக்குக் குடிநீர்ப் பீப்பாய்களைப் பிக்அப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். சாலையைச் சுற்றிப் போனால் நேரமாகும் என்று, முன்பு யாரோ ஓட்டிய சக்கரத் தடத்தைப் பிடித்து மணலுக்குள் திருப்பினேன். மூன்று கிலோமீட்டர் போனதும் தடம் காற்றில் அழிந்து போயிருந்தது. வண்டி அமிழ்ந்தது. அமிழ்ந்த உடனே நான் செய்த அறிவீனம், ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்ததுதான். சக்கரம் சுழலச் சுழலத் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது. அச்சு மணலைத் தொட்டது.

அஸர் நேரம் அது. கைப்பேசி இல்லாத காலம். சுற்றிலும் மணல். குடிநீர் பீப்பாய் பீப்பாயாக இருந்ததால் தாகத்துக்கு அஞ்சவில்லை; ஆனால் தனிமை என்பது என்ன என்று அன்று கண்டேன். இருட்டியதும் ஒரு பொருளும் கண்ணுக்குத் தெரியவில்லை. என் இதயத் துடிப்பு எனக்கே கேட்டது. வில்லியனூரில் என் மகள் அப்போது சிறு பிள்ளை. அவளுடைய முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். கடைசியாக விடுப்பில் பார்த்து இருபது மாதங்கள் ஆகியிருந்ததால், முகம் சரியாக வரவில்லை. பாலைவனம் தந்த அச்சத்தைவிட அது பெரிய அச்சம்.

சுப்ஹுக்குப் பின் ஒரு கிழட்டு பதவி தம் டொயோட்டாவில் ஆடுகளை ஏற்றிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒரு குச்சியை எடுத்து நான்கு டயர்களிலும் வால்வை அழுத்தினார். காற்று சீறி வெளியேறியது. டயர்கள் ஒட்டகக் குளம்புபோல் பரந்து படிந்தன. சக்கரங்களுக்கு முன்னிருந்த மணலைக் கையால் வாரச் சொன்னார். அடியில் கோணியை விரித்தார். “மெள்ள, மெள்ள” என்று சைகை காட்டினார். மிதிக்காமல், கிளட்சை மட்டும் மெள்ள விட்டேன். வண்டி மேலே வந்துவிட்டது. தெரிந்தவனுக்குக் கால்மணி நேர வேலை. எனக்கு ஓர் இரவு.

அதன்பின் கற்றுக்கொண்டேன். மணலில் இறங்கும் முன் காற்றழுத்தத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பிரேக் போடக் கூடாது. தானாக நிற்க விட வேண்டும். நிறுத்தினால் இறக்கத்தில் நிறுத்த வேண்டும். தார்ச்சாலை ஏறியதும் மறவாமல் காற்றை நிரப்ப வேண்டும். இல்லாவிடில் டயர் சூடேறி வெடிக்கும். இவை எல்லாம் எந்த ஆணுக்கும் பிறக்கும்போதே தெரிந்தவை அல்ல.

அந்த வாரமே வீட்டுக்கு ஒலிநாடாவில் பேசி அனுப்பினேன். அக்காலத்தில் கடிதத்தைவிட ஒலிநாடாவே நெருக்கம் என்பது வளைகுடாக் குடும்பங்களுக்குத் தெரியும். அதில் தட்பவெப்பம் பேசினேன், பணம் அனுப்பியதைப் பேசினேன், இங்கு எல்லாம் நலம் என்றேன். மணல் இரவைப் பேசவில்லை.

என் துணைவியாரும் பேசி அனுப்பினார். எல்லாம் நலம் என்றார். அதே பருவமழையில் இரண்டாவது பிள்ளைக்கு நள்ளிரவில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்ததையும், ஆண் துணை யாருமின்றி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் நடந்து, வந்த லாரியை நிறுத்தி ஜிப்மருக்குப் போனதையும் அவரும் பேசவில்லை. இதை நான் அறிந்தது அண்மையில்தான். எப்படி அறிந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

செய்தியைப் பார்த்த மறுவாரம் மகள் கேட்டாள்: “அத்தா, எனக்கு ஜீப் ஓட்டக் கற்றுத்தருகிறீர்களா?” அவளுக்கு ஸ்கூட்டி தெரியும். மாப்பிள்ளை ஷார்ஜாவில், இரண்டு பிள்ளைகளோடு எங்களுடன் இருக்கிறாள். கற்றுத்தருவதில் எனக்குத் தயக்கமில்லை. ஊசுடு ஏரிப் பக்கத்து மண்பாதையில் விடியற்காலையில் ஓட்டவைத்தேன். முதல் மாதம் கியர்ப்பெட்டி எழுப்பிய ஓலத்தில் ஏரியில் இருந்த நாரைகள் எல்லாம் பறந்தன. ஓட்டுநர் உரிமமும் வாங்கிவிட்டாள். ஆனால் அதன்பின் கேட்டாளே ஒன்று! “நான் மட்டும் ஓட்டிக்கொண்டு மாஹே வரை போய் வரவா?”

முடியாது என்றேன். காரணம் கேட்டாள். பாதுகாப்பு என்றேன். வண்டி பழையது என்றேன். சுமார் 600 கிலோமீட்டர் என்றேன். ஊர் என்ன சொல்லும் என்றேன். கடைசியில் மார்க்கம் என்றேன். உண்மையைச் சொல்வதானால், முதல் நான்கும் எடுபடாததால் ஐந்தாவதை எடுத்தேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

அதற்காகப் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் போனேன். எனக்குச் சாதகமாகச் சொல்வார் என்ற நம்பிக்கையில்தான் போனேன். மஹ்ரமான துணையின்றிப் பெண் நெடும்பயணம் போவதைத் தடுக்கும் நபிமொழிகளை அவர் எடுத்துச் சொன்னார். நான் எழுந்திருக்கப் போனேன். “உட்காருங்கள், இன்னொன்றும் இருக்கிறது” என்றார். அதீ இப்னு ஹாதிம் (ரலி) அறிவிப்பது; புகாரியில் வருவது. ஹீரா நகரில் இருந்து ஒரு பெண் புறப்பட்டு, அல்லாஹ்வைத் தவிர எவருக்கும் அஞ்சாமல் கஅபாவை வலம் வரும் காலம் வரும் என்று நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்ததையும், அதைத் தாம் வாழ்நாளிலேயே கண்டதாக அதீ கூறுவதையும் சொன்னார். அறிஞர்கள் இவற்றைப் பலவாறாக விளக்கியிருக்கிறார்கள். வழி அச்சமற்றதா என்பதை முதன்மையாகக் கருதியவர்களும் உளர் என்றார். 2018 முதல் நம் நாட்டில் இருந்து 45 வயதைக் கடந்த பெண்கள் மஹ்ரம் இன்றிக் குழுவாக ஹஜ்ஜுக்குப் போவதையும் நினைவூட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “நீங்கள் மார்க்கத்துக்காகக் கேட்கிறீர்களா, உங்கள் அச்சத்துக்காகக் கேட்கிறீர்களா?”

நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி உடையவன் அல்லன். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவே. தங்கள் ஊரில் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சவூதியில் நான் இருந்தவரை ஒரு பெண்ணும் வண்டி ஓட்டிப் பார்த்ததில்லை. 1990 நவம்பர் 6ஆம் நாள் ரியாதில் 47 பெண்கள் கார் ஓட்டிச் சென்று தண்டனைக்கு உள்ளான செய்தி எங்கள் முகாம் வரை வந்தது. நாங்கள் அதைக் கேலியாகப் பேசினோம். 2018 ஜூன் 24ஆம் நாள் அங்கே பெண்களுக்கு அனுமதி வந்தது. நான்காண்டு கழித்து நாஜி நௌஷி வளைகுடாவில் வண்டி ஓட்டுகிறார்! அமீரகத்தில் இருந்து கத்தாருக்குத் தரைவழியாகப் போக வேண்டுமானால், சவூதி மண்ணைத் தொட்டு, நான் அமிழ்ந்த அந்தச் சல்வா வழியாகத்தான் போயாக வேண்டும். இப்போது அங்கே எவ்வளவு நல்ல சாலைகளோ! அவர் துபாயில் இருந்த நாளில்தான் அர்ஜென்டினா சவூதியிடம் 2-1 என்ற கணக்கில் தோற்றிருந்தது. அப்போதும் கோப்பை மெஸ்ஸிக்கே என்று அவர் சொன்னதாகச் செய்தி. டிசம்பர் 18இல் அது அப்படியே ஆயிற்று. எங்கள் தெருப் பையன்கள் வெடி வெடித்தார்கள். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பெண் ஒருத்தி வண்டியில் உலகைச் சுற்றுவது புதியதும் அன்று. கிளேரனோர் ஸ்டின்னெஸ் என்ற ஜெர்மானியப் பெண் 1927 மே மாதத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டில் புறப்பட்டு, சைபீரியா, சீனம், தென்னமெரிக்கா எல்லாம் தாண்டி 1929 ஜூனில் பெர்லின் திரும்பினார். துணைக்கு ஒரு சுவீடன் நாட்டுப் புகைப்படக்காரர் வந்தார். பயணம் முடிந்ததும் அவரையே மணந்துகொண்டார் என்பது தனிக்கதை. நம்மவர்களில் இப்னு பதூதாவை எல்லாரும் அறிவர். 1325இல், இருபத்தோராம் வயதில், துணை ஒருவருமின்றித் தஞ்சீரில் இருந்து புறப்பட்டவர், நம் சோழமண்டலக் கரையில் கப்பல் சேதமடைந்து ஒதுங்கி மதுரை சுல்தானின் விருந்தினராகவும் இருந்திருக்கிறார். அவர் புறப்பட்டபோது பெற்றோர் உயிரோடு இருந்தனர். அவர்கள் பக்கத்துக் கதையை யார் எழுதினார்கள்?

வழக்கு இப்படி இழுபட்டுக்கொண்டிருந்தபோதுதான் 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. அது வடிவதற்குள், டிசம்பர் 2 திங்கட்கிழமை, சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்க் கொம்யூனின் ஆற்றங்கரை ஊர்களைச் சூழ்ந்தது. விதவையான என் அக்கா அங்கே தனியே இருக்கிறார். கைப்பேசி எடுக்கவில்லை. எனக்குச் சர்க்கரை நோயால் இடக்கால் புண்ணாகிக் கட்டுப்போட்டிருந்த நேரம். கிளட்சை மிதிக்க முடியாது.

மகள் சாவியை எடுத்தாள். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு வாயில்லை. ஜன்னல் வழியே கத்தினேன்: “ஓடுகிற தண்ணீரில் இறங்காதே! நிற்கிற தண்ணீர் என்றாலும் முதலில் இறங்கிக் கம்பால் ஆழம் பார். தாழ்நிலை கியரில் போடு. நடுவில் கியர் மாற்றாதே, காலைத் தூக்காதே!” வாசகர்களே, தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். முழங்காலுக்குச் சற்று மேலான நீர் விசையோடு ஓடினால் கனமான வண்டியையும் புரட்டிவிடும். ஜீப்பில் இருக்கிறோம் என்ற துணிவுதான் பலரைக் கொன்றிருக்கிறது.

காலை எட்டு மணிக்குப் போனவள் மாலை மூன்றரைக்குத் திரும்பினாள். வழியில் ஓரிடத்தில் சாலையைக் காணவில்லையாம். நீர் விரைந்து ஓடியதால் இறங்காமல் திரும்பி வேறு வழியாகச் சுற்றிப் போயிருக்கிறாள். அப்படித் திரும்பியதுதான் அவள் செய்தவற்றில் பெரியது என்பேன். ஜீப்பின் பின்புறம் என் அக்கா, பக்கத்து வீட்டு முதலியார் குடும்பத்துக் கிழவர் கிழவி இருவர், அவர்களுடைய ஆடு ஒன்று. சைலன்சரில் இருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் அந்த ஏழரை மணி நேரமும் திண்ணையில் இருந்தேன். லுஹரை உட்கார்ந்தபடியே தொழுதேன். தஸ்பீஹ் கையில் ஓடியது, மனம் ஓடவில்லை. என் துணைவியார் மட்டும் வழக்கம்போல் கறி நறுக்கிக்கொண்டிருந்தார். “உனக்கு அச்சமாக இல்லையா?” என்று கேட்டேன். “பழகிவிட்டது” என்றார். அப்போதுதான், 1994 மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையைச் சொன்னார். நானும் என் மணல் இரவைச் சொன்னேன். இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு அவர், “அப்போதே சொல்லியிருக்கலாம்” என்றார். யார் என்று கேட்கவில்லை நான்.

2025 பிப்ரவரியில் மகள் மாஹே போனாள். ஒரு மாற்றத்தோடு. துணைக்கு நான் வருகிறேன் என்றேன். இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றனர். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவேனாம். “நான் போகிறேன்” என்றார் என் துணைவியார். அறுபது வயதில், காரைக்காலையும் நாகூரையும் தவிர வேறெங்கும் போகாதவர். தனிப்பயணம் என்று மகள் கண்ட கனவு அப்படி இருவர் பயணமாயிற்று; அதில் அவளுக்குச் சற்றுக் குறை இருந்ததை நான் கவனித்தேன். இருந்தும் அம்மாவுக்கு முன்னிருக்கையில் ஒரு தலையணையை வைத்துக் கட்டினாள்.

விழுப்புரம், சேலம், கோவை. அங்கே கரும்புக்கடையில் உறவினர் வீட்டில் இரவு தங்கல். மறுநாள் பாலக்காடு, கோழிக்கோடு, வடகரை, மாஹே. பழைய ஜீப் அறுபதுக்கு மேல் போகாது. போனால் கதவு ஆடும். ஸ்டெப்னி, ஜாக்கி, விசிறிப் பட்டை, ஒரு கேன் தண்ணீர், கயிறு எல்லாம் நானே எடுத்துவைத்தேன். இருட்டியபின் ஓட்டக் கூடாது, நிறுத்துவதானால் வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க்கில் நிறுத்த வேண்டும் என்று எழுதி டாஷ்போர்டில் ஒட்டினேன். பயணத் துஆவையும் எழுதி ஒட்டினேன்.

அவர்கள் போன பிறகு வீடு அடங்கிவிட்டது. பேரப்பிள்ளைகளுக்கு நான் செய்த தோசையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து அதன் உயிரே போயிற்று. முதல்நாள் இரவு கோவையில் இருந்து மகள் இரண்டு வார்த்தை பேசினாள். இரண்டாம்நாள் லுஹர் ஆயிற்று, அஸர் ஆயிற்று, அழைப்பில்லை. மஃரிபுக்குச் சற்று முன் மணி அடித்தது. என் துணைவியார். பின்னால் அலையோசை கேட்டது.

“வந்து சேர்ந்துவிட்டோம். இங்கே கடல் மேற்கே இருக்கிறதுங்க. சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. நம் ஊரில் கடலுக்குள் இருந்துதானே வரும்?”

“ரேடியேட்டர் கொதித்ததா? பாலக்காட்டுக்கு முன்னால் தண்ணீர் பார்த்தீர்களா? கிளட்ச் வாடை வந்ததா?” என்று கேட்டேன்.

“அதையெல்லாம் உங்கள் மகள் பார்த்துக்கொண்டாள். நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்றார்.